“தாகூரே பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே?”

(பதில் சொல்பவர் குழந்தைகள் நல ஆலோசகர். கடிதம் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

துர்காபூரிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பொறியாளர், ஷிஃப்ட் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் மாற்றலாகி மனைவி, மகனோடு வங்காளத்துக்கு வந்தவர். மனைவி திருச்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை வேலையை அதற்காக விட்டிருக்கிறார். மகனுக்கு இப்போது பத்து வயது. ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு.

ஊரில் இருந்தபோது வாய் ஓயாமல் பேசியவன், எதைப் பார்த்தாலும் படம் வரைந்தவன், இப்போது பேச்சைக் குறைத்துவிட்டான். திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறான், பதில் வருவதில்லை. டைரி முழுக்கச் சிவப்பு மைக் குறிப்புகள். வீட்டுப்பாடம் முடிக்காத ஒரு நாள் ஆசிரியை மரஸ்கேலால் புறங்கையில் அடித்திருக்கிறார். பையன் வீட்டில் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா பார்த்திருக்கிறார்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும், தாகூர் பள்ளி தொடங்கிய சாந்திநிகேதனுக்குப் போயிருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் மரத்தடியில் ஆசனம் விரித்து உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பையன் வெகுநேரம் நின்று பார்த்தானாம். “அப்பா, இவங்க கிளாஸுக்குச் சுவரே இல்லையா?” என்று கேட்டானாம். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. தாகூரின் கட்டுரைகளைத் தமிழில் கிடைத்தவரை வாங்கிப் படித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறார். தாகூரே பள்ளியைப் பாதியில் விட்டவர்தானே, நாங்களும் மகனை நிறுத்தி வீட்டிலேயே சுதந்திரமாகப் படிக்கவைத்தால் என்ன? இல்லையென்றால் சாந்திநிகேதனில் இருக்கும் பாடபவன் பள்ளியின் விடுதியில் சேர்த்துவிடலாமா? நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கவிஞரின் யோசனையெல்லாம் இன்றைக்குச் செல்லுமா? மனைவி, “பத்தாவதுக்கு அப்புறம் என்ன பண்ணுவான்?” என்று கேட்கிறாராம். ஊரிலிருக்கும் தாத்தா, “நாலு அடி வாங்காம எவன்டா படிச்சான்?” என்கிறாராம்.

அன்புள்ள துர்காபூர் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தாகூர்தான் கண்ணில் பட்டார். இரண்டாவது தடவைதான் பையன் தெரிந்தான். அதனால் தாகூரைப் பற்றிப் பேசிக்கொண்டே அவனிடம் வருகிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லை.

பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை

தாகூர் பள்ளியை விட்டார் என்பது உண்மை. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ் என்று கல்கத்தாவில் நான்கு பள்ளிகள் பார்த்து, எதிலும் ஒட்டாமல், பதினாலு வயதுவாக்கில் போவதையே நிறுத்திவிட்டார். வகுப்பறை அவருக்குள் என்ன விதைத்தது என்பதை அவரே தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். வீட்டு வராந்தாவின் கம்பிகளை மாணவர்களாக நிறுத்தி, கையில் பிரம்போடு இவர் வாத்தியாராகிவிடுவாராம். சில கம்பிகள் நல்ல பிள்ளைகள், சில கம்பிகள் மக்கு. மக்குக் கம்பிகளுக்கு அடி விழுந்துகொண்டே இருக்கும். வாத்தியாரிடமிருந்து குழந்தை முதலில் கற்றுக்கொள்வது பாடத்தை அல்ல, அவருடைய கோபத்தைத்தான் என்று அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டில் அந்தப் பையனின் ஒரு நாள் எப்படி இருந்தது தெரியுமா? விடிவதற்கு முன் ஒற்றைக்கண் பயில்வானிடம் குஸ்தி. உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்குள் ஒரு மருத்துவ மாணவர் வந்து எலும்புகளின் பெயர் சொல்லிக்கொடுப்பார். படிக்கும் அறையில் ஒரு முழு எலும்புக்கூடே கம்பியில் தொங்கியது. பிறகு கணக்கு, இயற்பியல், வங்காள இலக்கியம். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பள்ளி. திரும்பினால் உடற்பயிற்சி, ஓவியம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அகோர் பாபு என்ற ஆங்கில வாத்தியார். மழை கொட்டும் மாலையில் இன்றைக்கு வரமாட்டார் என்று மனசுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது, தெருமுனையில் அவருடைய கறுப்புக் குடை திரும்பும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ஆனந்தம்: சீதாநாத் தத்தர் வந்து கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் மரத்தூளைப் போட்டுச் சூடாக்கி, அடித் தண்ணீர் மேலே ஏறுவதையும் மேல் தண்ணீர் இறங்குவதையும் கண்ணால் காட்டுவார்.

சுற்றிலும் எழுதுகிற, பாடுகிற, நாடகம் போடுகிற அண்ணன்மார். அதில் பத்திரிகை நடத்துபவர்கள் வேறு. பதினோரு வயதில் அப்பாவோடு சாந்திநிகேதன் வழியாக இமயமலைக்குப் போய், அவரிடமே சமஸ்கிருதமும் வானசாஸ்திரமும் கற்ற பையன் அவர். பள்ளியை விட்டபோது அவரைத் தாங்க ஒரு பெரிய ஜமீன் குடும்பமே காத்திருந்தது. “தாகூர் விட்டார், ஜெயித்தார்” என்று ஒரு வரியில் சொல்லும்போது அந்த வீடு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கடிதத்தில் “நாங்கள் வீட்டிலேயே படிக்கவைத்தால்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஷிஃப்டுக்குப் போகிறவர் அதைச் செய்ய முடியாது. அந்த “நாங்கள்” உங்கள் மனைவிதான். ஒரு வேலையை உங்கள் மாற்றலுக்காக விட்டவரிடம் சம்பளமில்லாத இன்னொரு முழுநேர வேலையைக் கொடுக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? “பத்தாவதுக்கு அப்புறம்?” என்ற அவர் கேள்விக்குள் இந்தக் கேள்வியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பள்ளி சும்மா நடக்கவில்லை

1901 டிசம்பர் 22 அன்று சாந்திநிகேதனில் தாகூர் பள்ளி தொடங்கியபோது மாணவர்கள் ஐந்தே பேர். அதில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். கல்விக் கட்டணம் வாங்கவில்லை. மனைவி மிருணாளினி தேவி தன் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடு விலை போனது. அடுத்த ஆண்டே மிருணாளினி இறந்துபோனார். பிறகு ஒரு மகள், பிறகு அப்பா, 1907இல் கடைசி மகன் சமீந்திரநாத். இவ்வளவுக்கு நடுவிலும் பள்ளியை மூடவில்லை. 1936இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், நடனக்குழுவை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நிதி திரட்டக் கிளம்பினார். டெல்லியில் அவர் இருந்த நிலையைப் பார்த்துக் காந்தி 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்து, போதும், திரும்பிப் போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தையைச் சும்மா விட்டால் அது தானாக மலரும் என்று தாகூர் சொன்னதாகப் பல பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய பள்ளியில் பிள்ளைகள் விடிவதற்கு முன் மணியோசைக்கு எழுந்தார்கள், தங்கள் அறையைத் தாங்களே பெருக்கினார்கள், சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், பிறகுதான் பாடம். 1915இல் காந்தி வந்தபோது சமையல், துப்புரவு எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்யட்டும் என்றார். அது நீடிக்கவில்லை, ஆனாலும் அதன் நினைவாக இன்றும் மார்ச் 10 அன்று ஆசிரியர்களும் மாணவர்களும் துடைப்பம் எடுக்கிறார்கள். சுவர் இல்லை, ஒழுங்கு இருந்தது. பிரம்பு இல்லை, பெரியவர்கள் அருகிலேயே இருந்தார்கள். வீட்டில் ஒரு பையனைப் புத்தகங்களோடும் கைபேசியோடும் விட்டுவிட்டு அதற்குத் தாகூர் என்று பெயர் வைப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அவரைக் குருவாக்கிக்கொள்ளும் வேகத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பள்ளி தொடங்கிய அதே 1901இல்தான் தாகூர் தன் மகள் ரேணுகாவுக்குப் பத்து வயதில் கல்யாணம் செய்துவைத்தார். முதல் ஐந்து மாணவர்களும் ஆண் பிள்ளைகள். பெண்கள் அந்த ஆசிரமத்துக்குள் வரப் பல வருடம் பிடித்தது. அவரும் படித்துக்கொண்டே, தடுமாறிக்கொண்டே, மாறிக்கொண்டே போனவர்தான். 1921இல் விசுவபாரதிப் பல்கலைக்கழகம், 1922இல் கிராமப் புனரமைப்புக்காக ஸ்ரீநிகேதன், 1924இல் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகச் சிக்ஷா சத்ரா என்று ஒவ்வொன்றும் முந்தியதில் கண்ட குறைக்கு அவரே எழுதிய பதில். முதலில் கட்டிய பள்ளிக்கு நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வு வேண்டும் என்றார்கள். தாகூர் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். சொந்த மகனையும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதவைத்தார். 1906இல் விவசாயம் படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். உங்கள் மனைவியின் கேள்வி தாகூர் வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்விதான்.

சுவரைப் பார்த்தீர்கள், மொழியைப் பார்த்தீர்களா?

இனிதான் பையனிடம் வருகிறேன்.

பள்ளி தொடங்குவதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1892இல், ‘சிக்ஷார் ஹேர்பேர்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். ஹேர்பேர் என்றால் முன்னுக்குப் பின் மாறிப்போன குளறுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மரத்தடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. முழுக்க முழுக்க மொழியைப் பற்றியது. வங்காளக் குழந்தை புரியாத ஒரு மொழியில் எழுத்தை அடையாளம் கண்டு, சொல்லை மனப்பாடம் செய்து, அதன் பின்னால் இருக்கும் ஊர், மரம், மனிதர் எதையும் மனசில் பார்க்க முடியாமல் வளர்கிறது. மொழி ஒரு பக்கம், எண்ணம் ஒரு பக்கம், வாழ்க்கை மூன்றாவது பக்கம் என்று பிரிந்துபோகிறது என்றார். முடிவில் ஓர் ஏழையின் கதை. குளிர்காலம் பூராவும் பிச்சையெடுத்துக் காசு சேர்த்துக் கம்பளி வாங்கும்போது கோடை வந்துவிடும். கோடை பூராவும் சேர்த்து மெல்லிய துணி வாங்கும்போது குளிர் வந்துவிடும். கடவுள் மனமிரங்கி வரம் கேள் என்றபோது அவன் சொன்னான்: எனக்கு எதுவும் அதிகமாக வேண்டாம், இந்த மாறாட்டத்தை மட்டும் சரிசெய்துவிடு.

உங்கள் மகன் வீட்டில் தமிழ் பேசுகிறான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு இந்தி. தெருவில், கடையில், ஆட்டோவில் வங்காளம். வகுப்பில் ஆங்கிலம். ஏழு வயதில், தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், அதைப் பாதியில் நிறுத்தி இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். “ஊரில் வாய் ஓயாமல் பேசியவன்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த மொழியில் பேசினான் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எழுந்து நின்றும் பதில் வராதது சோம்பலாகவோ அறிவுக் குறைவாகவோ இருக்க வேண்டியதில்லை. பதில் அவனுக்குள் இருக்கலாம்; அதை எடுத்துவர வாகனம் இல்லாமல் இருக்கலாம்.

இதனால்தான் பாடபவன் யோசனை எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அங்கே பாடம் பெரும்பாலும் வங்காளத்தில் நடக்கும். பிள்ளை தன் மொழியில் கற்க வேண்டும் என்பதற்காகத் தாகூர் அப்படி வைத்தார். வங்காளப் பிள்ளைக்கு அது தாய்மொழி. உங்கள் பிள்ளைக்கு அது நாலாவது மொழி. தாகூரைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டு, தாகூர் எதை எதிர்த்தாரோ அதையே அவனுக்கு இன்னொரு தடவை செய்வீர்கள். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு புரியாமல் விழிப்பதும் விழிப்பதுதான்.

விடுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு, தாத்தா பாட்டியை விட்டு வந்து மூன்று வருடத்தில் வாயடைத்துப்போன பத்து வயதுப் பையனை அம்மா அப்பாவையும் விட்டுப் பிரிப்பதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். விடுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் கெட்டது என்று சொல்லவில்லை. பதின்மூன்று, பதினாலு வயதில் அவனே விரும்பிக் கேட்டால் அது வேறு. இப்போது அனுப்பினால், பேசாததற்குத் தண்டனையாக வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அவனுக்குப் படும். சாந்திநிகேதனிலும் வருடத் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம் அது. அதே சமயம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் நடத்தும் பள்ளியும்கூட. படத்தில் பார்க்கும் தோப்பு மட்டும் அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் அவசரமானது. ஸ்கேலால் அடித்தது “கண்டிப்பு” அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. முதலில் பள்ளி முதல்வருக்குச் சண்டை போடாத தொனியில் ஒரு கடிதம் எழுதுங்கள்: என்று நடந்தது, பிள்ளை என்ன சொன்னான், இனி நடக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம், அவ்வளவு போதும். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் போக உங்களுக்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே முடிந்துவிடும். எழுதுவதற்கு முன் பையனிடம் சொல்லுங்கள். அவன் பின்னால் நாம் ஏதோ செய்கிறோம் என்று அவனுக்குத் தோன்றக் கூடாது.

வீட்டுக் கல்வி விஷயத்தில் சட்டம் தெளிவாக இல்லை. 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. இந்த இடைவெளியில் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டில் படிக்கவைக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், பிறகு பன்னிரண்டு. அரசு நடத்தும் வாரியம் அது; சான்றிதழ் மற்ற வாரியங்களுக்கு இணையானது. ஆகவே “பத்தாவதுக்கு அப்புறம் வழியே இல்லை” என்ற பயம் வேண்டாம். வழி இருக்கிறது என்பது வேறு, உங்கள் வீட்டுக்கு இப்போது அது பொருந்துகிறதா என்பது வேறு. என் கருத்து, இந்த வருடம் பொருந்தாது. அவன் ஏற்கெனவே தனியாக இருக்கிறான். இருக்கும் நாலு நண்பர்களையும் எடுத்துவிடாதீர்கள்.

மார்ச் மாதம்வரை செய்ய வேண்டியவை

முடிவை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள். அதற்குள் இவற்றைச் செய்யுங்கள்.

*குழந்தைகள் மருத்துவர்.* திங்கட்கிழமை வயிற்றுவலி பெரும்பாலும் பயத்தால் வருவது. ஆனால் அது நிஜமான வலி. நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். கண், காது பரிசோதனையும் ஆகட்டும். அவனிடம் ஓர் எளிய தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே மாதிரி ஒரு கதையை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். கேட்டுச் சொல்வதில் கெட்டியாக இருந்து, வாசிப்பில் மட்டும் எழுத்துகள் குழம்பினால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு நிபுணரிடம் பார்த்துவிடுவது நல்லது. பிரச்சினை மொழி மட்டும்தான் என்று நான் இங்கிருந்து சாதிக்க மாட்டேன்.

*பாடத்தை முதலில் தமிழில்.* தாகூர் தன் மூன்றாவது அண்ணன் ஹேமேந்திரநாத்துக்கு ஆயுள் முழுக்க நன்றி சொன்னார். ஊரெல்லாம் ஆங்கிலம் ஆங்கிலம் என்று ஓடிய காலத்தில், பையன் முதலில் வங்காளத்தில் படிக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்த அண்ணன் வேலையை நீங்கள் செய்யுங்கள். நாளைக்கு வகுப்பில் நடக்கப்போகும் அறிவியல் பாடத்தை இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது தமிழில் கதையாகச் சொல்லிவிடுங்கள். மறுநாள் ஆங்கிலத்தில் கேட்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல இருக்கும். ஆங்கிலத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. தாகூரே ஆங்கிலம் கற்பிக்கப் பாடநூல் எழுதியவர். எது முதலில் என்பதுதான் பேச்சு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட முடிந்தவரை ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியில் என்கிறது. ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைக்கு அதைப் பள்ளியால் தர முடியாது, வீடுதான் தர வேண்டும்.

*தேர்வுக்கு உதவாத புத்தகம்.* காற்று வயிற்றை நிரப்பாது, சோறுதான் நிரப்பும். ஆனால் சோறு செரிக்கக் காற்று வேண்டும் என்று அந்த 1892 கட்டுரையில் ஒரு இடம் வருகிறது. பாடப்புத்தகம் சோறு. காமிக்ஸ், பேய்க்கதை, கிரிக்கெட் புள்ளிவிவரம், எதுவானாலும் அது காற்று. எதையும் படித்து முடித்தபின் “என்ன புரிஞ்சுது, சொல்லு” என்று கேட்காதீர்கள். நான் ஆசிரியையாக இருந்த வருடங்களில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ஐந்து கேள்வி கொடுத்து, நல்ல கதைகளையெல்லாம் நானே கெடுத்தேன். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்.

*அந்த ஊரின் மொழி.* இது எனக்குப் பிடித்த யோசனை. தாகூர் 1930இல் குழந்தைகளுக்காக ‘சஹஜ் பாட்’ என்று வங்காள அரிச்சுவடி எழுதினார். அதில் ஓவியர் நந்தலால் போஸின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். விலை மிகக் குறைவு, உங்கள் ஊரில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். ஒன்று வாங்கி, நீங்களும் அவனும் ஒரே நாளில் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவன் உங்களைவிட வேகமாகப் போவான். அப்பாவுக்கு அவன் வாத்தியாராவான். வகுப்பில் கடைசியாக நிற்கும் பையனுக்கு வீட்டில் ஓரிடத்திலாவது முதல் ஆளாக நிற்கக் கிடைக்கட்டும். படம் வரைகிறவன் அந்தப் படங்களை நிச்சயம் பார்த்து வரைவான். அதை யாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டு, போட்டிக்கு அனுப்பி, கெடுத்துவிடாதீர்கள்.

*உங்கள் வார விடுமுறை.* தாமோதர் நதி பக்கத்தில்தான் இருக்கிறது. அணைக்கட்டுக்கு அழைத்துப் போய், மதகில் தண்ணீர் ஏன் அப்படிச் சுழல்கிறது என்று நீங்கள் விளக்க வேண்டும். பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் வேலை என்னவென்று தெரியாமல் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். சீதாநாத் தத்தருக்குத் தேவைப்பட்டது ஒரு பாத்திரமும் கொஞ்சம் மரத்தூளும்தான்.

மார்ச்சில் உட்கார்ந்து பாருங்கள். வயிற்றுவலி குறைந்ததா, பேச்சு திரும்பியதா, பள்ளி தன் போக்கை மாற்றிக்கொண்டதா? பள்ளி மாறவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். துர்காபூரில் ஒரே பள்ளி இல்லை. புதுப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்க்காமல், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தப்பான பதில் சொன்ன பிள்ளையிடம் எந்த முகத்தோடு பேசுகிறார் என்று பத்து நிமிடம் கவனியுங்கள். சாந்திநிகேதனில் படித்த பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் தன் பள்ளியைப் பற்றி ஒன்று சொல்வார். அங்கே ஓர் ஆசிரியர் ஒரு மாணவியைப் பற்றி, நல்ல மதிப்பெண் வாங்குகிறாள் என்றாலும் நன்றாக யோசிக்கக்கூடியவள்தான் என்றாராம். அந்த “என்றாலும்” உள்ள ஆசிரியர் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். அவரைத் தேடுங்கள். இது எதுவும் சரிவரவில்லை என்றால் வீட்டுக் கல்வியைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அப்போது கடிதத்தில் உங்கள் மனைவியின் கையெழுத்தும் இருக்கட்டும்.

இன்றைக்கு இது செல்லுமா என்று கேட்டீர்கள். 1918இல் தாகூர் ஒரு கிளிக் கதை எழுதினார். கிளியைப் படிக்கவைக்க ராஜா உத்தரவு போடுகிறார். தங்கக் கூண்டு வருகிறது, பண்டிதர்கள் வருகிறார்கள், ஏடுகள் மலையாகக் குவிகின்றன, கூண்டைப் பராமரிப்பவர்கள் பணக்காரர்களாகிறார்கள். கிளியின் வாயில் ஏட்டைக் கிழித்துத் திணிக்கிறார்கள். கடைசியில் கிளியைக் கொண்டுவரச் சொல்லி ராஜா விரலால் அழுத்திப் பார்த்தால் சத்தமே இல்லை. உள்ளே காய்ந்த தாள் மட்டும் சரசரக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு வாசலில் வரிசை நிற்கும் நாட்டில் இந்தக் கதைக்கு வயதாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கதையில் கிளியிடம் யாருமே ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் எனக்கு எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் மகன் சொன்னதாக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி அவனிடம் கேளுங்கள்: சுவர் இல்லாத அந்த வகுப்பில் உனக்கு என்ன பிடித்தது? பதில் மரமாக இருக்கலாம். யாரும் அடிக்கவில்லை என்பதாக இருக்கலாம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், யாருமே கடைசி வரிசையில் இல்லை என்பதாகவும் இருக்கலாம். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் நாம் அடுத்துச் செய்ய வேண்டியது.

அவன் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையே போகலாம், அன்றைக்கு அங்கே வகுப்பு நடக்கும். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், பிரார்த்தனை மண்டபத்து வழிபாட்டுக்காகத் தாகூர் காலத்திலிருந்தே அன்றுதான் அங்கே விடுமுறை.